வாசகர் கேள்வி – பதில்: பெயரைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய பேனாக்கத்திகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு டெல்லி, நொய்டா, குருகிராம் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் ஒரே ஐயத்தைத்தான் எழுப்புகின்றன: கத்தியில் பொறித்திருக்கும் பெயருக்குரியவர்தான் அதைச் செய்தார் என்பதை எப்படி உறுதிசெய்வது? எனவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு மடக்குக் கத்திகள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு அறிமுகமான பழம்பொருள் வியாபாரி ஒருவர், அமெரிக்கக் கைவினைஞர் தம் கையாலேயே செய்தது என்று சொல்லி ஒரு கத்தியைக் காட்டினார். விலையும் அதற்கேற்பப் பெரிதாகவே இருக்கிறது. அலகின் அடியில் பெயர் ஓர் எழுத்துகூடத் தேயாமல் மிகத் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும், ஐயா? (வாசகர், ஆர்.கே. புரம்)

பதில்: பெயர் தெளிவாக இருப்பதை நீங்கள் நல்ல அறிகுறியாகக் கொள்கிறீர்கள், எனக்கோ அதுதான் முதல் சந்தேகத்தைத் தருகிறது. ஒரு கத்தியில் போலி செய்வதற்கு மிக எளிதானது பெயர்தான். அலகைச் சரியாகச் சாணை பிடிக்கவும், ஸ்பிரிங்கைப் பதப்படுத்தவும், பிடியை இடைவெளி இல்லாமல் பொருத்தவும் ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். பெயரைப் பதிப்பதற்கு ஓர் எஃகு அச்சும் ஒரு சுத்தியலும் போதும், அந்த அச்சை வெட்டித் தருபவரைச் சாவ்ரி பஜார் பக்கம் விசாரித்துக் கண்டுபிடிப்பதும் பெரிய காரியமன்று. ஆகவே பெயரைக் கடைசியாகப் பாருங்கள். அதுவரை அந்தக் கத்தி யாருடையது என்பதே தெரியாது என்று வைத்துக்கொண்டு, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

திறந்த அலகைப் பூட்டி நிறுத்தும் லாக் ஏதும் இல்லாமல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் பழைய பாணிக் கத்தியென்றால், முதலில் அதன் முதுகைப் பாருங்கள். தேர்ந்த கைவினைஞரின் வேலையில், அலகு மூடியிருக்கும்போதும், முழுதாகத் திறந்திருக்கும்போதும், பாதியில் நிற்கும் அமைப்பு உள்ள கத்தியானால் அந்த நிலையிலும், முதுகு ஸ்பிரிங்கின் மேற்பரப்பு இருபுறத் தகடுகளோடும் ஒரே மட்டத்தில் இருக்கும். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் எங்கும் தட்டாது. அலகின் அடிப்பகுதியில் ஸ்பிரிங் உட்காரும் பக்கங்கள் எல்லாம் அச்சாணியிலிருந்து சரியான ஒரே தொலைவில் இருக்கும்படி அராவினால்தான் இது கைகூடும் என்பதால், விலை மலிவான தொழிற்சாலைக் கத்தியை எடுத்துப் பெயரை மாற்றியவர்களால் இதை உண்டாக்க முடிவதில்லை. அடுத்து, கத்தியை விளக்குக்கு எதிரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். மூடும்போது எழும் 'டக்' என்ற ஓசை கணீரென்று ஒரே சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். சேகரிப்பாளர்கள் ஒரு கத்தியைக் கையில் வாங்கியவுடன் பேசாமல் நாலைந்து முறை திறந்து மூடுவது விளையாட்டுக்காக அன்று.

வேலை குறையில்லாமல் இருப்பது மட்டுமே அசல் என்பதற்குச் சான்றாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் தனியாளாகப் பட்டறை நடத்தி 1963இல் மறைந்த வில்லியம் ஸ்கேகலின் கத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1937இல் ஒருவர் படகிலிருந்து பெயின்ட் சுரண்டிக்கொண்டிருந்த கத்தி ஸ்கேகல் செய்தது என்பதை அறிந்த போ ராண்டால், அதனால் தூண்டப்பட்டுத் தாமும் கத்தி செய்யத் தொடங்கி, பின்னாளில் பெரும்பெயர் பெற்றார். அத்தகைய ஸ்கேகலின் மடக்குக் கத்திகள் இன்று அரியவை. அரியவை என்பதாலேயே போலிகளும் மிகுதி. அவருடைய அசல் கத்திகளில் இயந்திரத்தின் ஒழுங்கு இராது. மான் கொம்பு எப்படி வளைந்திருந்ததோ அதற்கு இணங்கிப் பிடியும் வளைந்திருக்கும். எல்லாம் நேர்கோடாகவும் இருபுறமும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்தும் இருக்கும் ஒரு 'ஸ்கேகல்' கத்தியை நான் ஒதுக்கியே வைப்பேன். ஒரு கைவினைஞரின் திறமையைப் படிப்பதைப் போலவே அவருடைய பழக்கங்களையும் படிக்க வேண்டும்: அலகில் நகம் வைத்துத் திறக்கும் குழியை எந்த இடத்தில், எந்த வடிவில் வெட்டுவார், ரிவெட்டின் தலையை மறைப்பாரா வெளியே விடுவாரா, கண்ணில் படாத உட்புறத் தகட்டை மெருகேற்றுவாரா அப்படியே விடுவாரா. போலி செய்பவர் உட்புறத்தில் உழைப்பைச் செலவிடுவது அரிது.

இவற்றுக்குப் பிறகு பெயருக்கு வாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். அச்சால் அடித்த முத்திரையில் உலோகம் ஒதுங்கி, எழுத்தின் ஓரங்களில் மெல்லிய மேடு தெரியும்; பிறகு மெருகிட்டிருந்தால் அந்த மேடு மழுங்கியிருக்கும். மின்னோட்டமும் உப்புக் கரைசலும் கொண்டு அரித்து எழுதிய பெயர், ஆழமில்லாமல் பனி படர்ந்த கண்ணாடியின் நிறத்தில் இருக்கும். உளியால் செதுக்கியதில் வெட்டுத்தடம் பளிச்சென்று மின்னும். லேசரில் எழுதியதில் சூடு பட்ட பழுப்பும் கருமையும் ஓரங்களில் தங்கும். 1970களில் செய்தது என்று சொல்லப்படும் ஒரு தனிமனிதப் பட்டறைக் கத்தியில் லேசர் எழுத்து இருக்குமானால், அதற்குமேல் பேச வேண்டியதில்லை. அதைப் போலவே, அலகின் அடிப்பகுதி முழுவதும் துருக்குழிகள் விழுந்திருக்க, எழுத்துகள் மட்டும் கூர்மையாக அந்தக் குழிகளை வெட்டிக்கொண்டு நின்றால், துரு முந்தியது, பெயர் பிந்தியது என்று பொருள். பழைய பெயரை அராவி எடுத்துவிட்டுப் புதியதை அடித்திருந்தால் அந்த இடம் சற்றே மெலிந்திருக்கும்; வெர்னியர் அளவுகோலால் முத்திரை உள்ள இடத்தையும் அதற்குப் பக்கத்து இடத்தையும் அளந்து பார்த்தால் வேறுபாடு புலப்படும். இரட்டை அலகுக் கத்தியானால் இரண்டு அலகுகளின் அடிப்பகுதியையும் ஒப்பிடலாம்.

பெயரோடு ஊரும் பொறித்திருந்தால் அது காலத்தைக் காட்டும் சான்று. பாப் லவ்லெஸ் (2010இல் மறைந்த அமெரிக்கக் கத்திக் கைவினைஞர், பெரும்பாலும் மடக்காத கத்திகளே செய்தவர் என்றாலும் எடுத்துக்காட்டுக்குப் பொருந்துவார்) தொடக்க காலத்தில் 'டெலவேர் மெய்ட்' என்று பொறித்தார், கலிபோர்னியாவுக்குப் போன பின் லான்டேல், அதற்குப் பின் ரிவர்சைட் என்று அவர் குடியிருந்த ஊர் மாற மாற முத்திரையும் மாறியது. அலகின் வடிவம் பிற்காலத்தியதாகவும் ஊர்ப்பெயர் முற்காலத்தியதாகவும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

உங்கள் வியாபாரி காட்டும் கத்தி இவற்றையெல்லாம் தாண்டி நின்றால், அவர் அதை யாரிடமிருந்து வாங்கினார் என்று கேளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லும் வரலாற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: லைனர் லாக் என்ற அமைப்பைக் கண்டுபிடித்தவர் மைக்கேல் வாக்கர் என்று படித்தேன். என்னிடம் உள்ள ஒரு கத்தியில் அந்த லாக் இருக்கிறது. நண்பரிடம் உள்ள ஒரு கத்தியில் அவருடைய பெயரே இருக்கிறது. இரண்டையும் அவருடைய கத்திகள் என்று கொள்ளலாமா? (வாசகர், மயூர் விகார்)

பதில்: உங்கள் கத்தியைக் கொள்ள முடியாது, நண்பருடையதைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். பிடியின் உட்புறத் தகட்டையே வளைத்து அலகுக்குத் தடையாக நிறுத்தும் எண்ணம் பழையது. அமெரிக்காவில் 1906இலேயே அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது, அந்நாட்டு ராணுவத்தினர் பயன்படுத்திய டிஎல்-29 என்ற மின்பணியாளர் கத்தியிலும் அது இருந்தது. ஆனால் அக்கத்திகளில் அலகை மூடி வைத்திருக்க முதுகு ஸ்பிரிங்கும் தேவைப்பட்டது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் டாவோஸ் நகரைச் சேர்ந்த வாக்கர், 1980களின் தொடக்கத்தில் அந்த முதுகு ஸ்பிரிங்கை அறவே நீக்கினார். அலகு முழுதாகத் திறந்தவுடன் முட்டி நிற்க ஒரு முளையும், மூடியபோது தானாகத் திறந்துகொள்ளாதபடி தகட்டில் பதித்த ஒரு சிறு குண்டும் வைத்து, ஒரே கையால் திறந்து மூடக்கூடிய அமைப்பாக அதை ஆக்கினார். இன்று உலகில் எண்ணற்ற தொழிற்சாலைகள் இதே அமைப்பில் கத்தி செய்கின்றன. ஆகவே லாக்கின் வகையை வைத்து, செய்தவர் யார் என்று முடிவுசெய்ய இயலாது.

பெயர் இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கைவினைஞர் ஒருவர் வடிவமைத்துக் கொடுக்க, நிறுவனம் ஒன்று அதைத் தன் ஆலையில் செய்து, இருவர் பெயரையும் பொறிப்பது நீண்ட நாள் வழக்கம். ஸ்பைடெர்கோ நிறுவனம் 1990ஐ ஒட்டி வாக்கரின் பெயரில் அப்படி ஒரு கத்தியை வெளியிட்டது. பழைய பாணி மடக்குக் கத்திகளில் நிகரற்றவர் என்று பலரும் போற்றும் இண்டியானா மாநிலத்தின் டோனி போஸ் (2020இல் மறைந்தார்), பென்சில்வேனியாவின் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1999 முதல் இவ்வகையில் பல கத்திகளை வடிவமைத்தார். இவை போலிகள் அல்ல; நேர்மையாக விற்கப்பட்ட அசல் கூட்டுத் தயாரிப்புகள். ஆனால் போஸ் தம் பட்டறையில் தனியாகச் செய்த கத்திக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. விற்பவர் நிறுவனத்தின் பெயரை மெதுவாகவும் கைவினைஞரின் பெயரை உரக்கவும் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

எனவே அலகின் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். ஒரு பக்கம் நிறுவனத்தின் முத்திரையோ மாதிரி எண்ணோ இருந்தால் அது ஆலையில் செய்தது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: கைவினைஞர் தம் பட்டறையிலேயே, கணினி இயந்திரத்தில் உறுப்புகளை வெட்டி, கடைசிப் பொருத்தத்தை மட்டும் கையால் செய்பவை. அதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் முழுக் கைவேலையின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கத்திகள் கிடைத்தால் அருகருகே வைத்து, திருகுத் துளைகளும் வளைவுகளும் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திருந்தால் அவற்றை வெட்டியது இயந்திரம்.

கேள்வி: என் மகன் இணையத்தில் 'செபென்சா' என்ற கத்தியை, அதன் வழக்கமான விலையில் பத்தில் ஒரு பங்குக்கு வாங்கியிருக்கிறான். பெட்டியும் அட்டையும் எல்லாம் முறையாக வந்தன. கத்தியும் கைக்குக் கனமாகத்தான் இருக்கிறது. இது அசலாக இருக்க வாய்ப்புண்டா? (வாசகி, நொய்டா)

பதில்: விலையே விடை சொல்லிவிட்டது, அம்மா. எனினும் மகனுக்குக் காரணத்தோடு விளக்குவதற்காக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் தனிக் கைவினைஞராகத் தொடங்கிய கிறிஸ் ரீவ், 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். 1990களின் தொடக்கத்தில் செபென்சா அங்கிருந்து சந்தைக்கு வந்தது. டைட்டேனியம் பிடியின் ஒரு பக்கத்தையே வெட்டி லாக்காக்கிய அந்த வடிவத்தைப் பின்னர் உலகமே பின்பற்றியது. இன்று அது சிறிய தொழிற்கூடத்தில் செய்யப்படுவது, ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் ஒருவர் கைவேலை அன்று. ஆனால் மடக்குக் கத்திகளில் மிகுதியாகப் போலி செய்யப்படுபவற்றுள் அதுவும் ஒன்று. பெட்டியும், கத்தி செய்து முடித்த நாளைக் குறிக்கும் அட்டையும் போலியாகவே அச்சடிக்கப்படுகின்றன என்பதால் அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

பார்க்க வேண்டிய இடம் அச்சாணி. செபென்சா 21, 31 ஆகிய மாதிரிகளில் அச்சாணியைச் சுற்றி ஓர் உலோக உருளை இருக்கிறது. அதன் நீளம், அலகின் தடிப்பையும் இருபுற வெண்கல வாஷர்களையும் கணக்கிட்டு மிகத் துல்லியமாகத் தேய்த்து எடுக்கப்படுவதால், திருகை எவ்வளவு இறுக்கினாலும் அலகு இறுகாது, தளர்ந்தும் ஆடாது. போலிகளில் திருகைக் கால் சுற்று இறுக்கினால் அலகு நகர மறுக்கும், கால் சுற்றுத் தளர்த்தினால் ஆடும். சிலவற்றில் வாஷருக்குப் பதில் குண்டு பேரிங் இருக்கும். அப்படி இருந்தால் அதுவே முடிவு. பிடி டைட்டேனியமா என்பதற்குக் காந்தம் போதும், ஒட்டக் கூடாது. ஆனால் இப்போது வரும் போலிகளிலும் டைட்டேனியம் இருக்கிறது, ஆகவே காந்தம் ஒட்டாததை மட்டும் வைத்து மகிழ வேண்டாம்.

எஃகின் பெயரும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். எஸ்30வி என்ற எஃகு 2001இலும், எஸ்35விஎன் 2009இலும், மேக்னாகட் 2021இலும்தான் வந்தன. 1998ஆம் ஆண்டின் அட்டையோடு எஸ்35விஎன் அலகு வந்தால் அதை விற்றவர் வரலாறு படிக்கவில்லை. இந்தக் கணக்கை எந்தக் கைவினைஞரின் கத்திக்கும் பயன்படுத்தலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்க வழியிருந்தால் கேட்கச் சொல்லுங்கள். வழியில்லாவிட்டால் பழம் நறுக்க வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அசல் என்று சொல்லி இன்னொருவருக்கு விற்க வேண்டாம்.

கேள்வி: டமாஸ்கஸ் அலகும் தந்தப் பிடியும் கொண்ட மடக்குக் கத்தி ஒன்று விலைக்கு வருகிறது. அலகில் பெயரோடு இரண்டு எழுத்துகளும் உள்ளன. வாங்கலாமா? (வாசகர், கரோல் பாக்)

பதில்: அந்த இரண்டு எழுத்துகள் 'எம்.எஸ்.' (மாஸ்டர் ஸ்மித்) என்றோ 'ஜே.எஸ்.' (ஜர்னிமேன் ஸ்மித்) என்றோ இருந்தால், 1976இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் தேர்வில் தேறியவர் என்பதைக் குறிப்பவை. அந்தத் தேர்வில், தாமே அடித்துச் செய்த கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரக்கட்டையை வெட்டிப் பிளந்து, அதன் பின்னும் முடி மழிக்கும் கூர்மை குறையாமலிருப்பதைக் காட்டி, கடைசியாக அதே அலகை இடுக்கியில் பிடித்து 90 பாகை வளைக்க வேண்டும், ஒடியக் கூடாது. தேறியவர்களின் பட்டியல் சங்கத்திடம் இருப்பதால், கத்தியில் உள்ள பெயர் அப்பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டறிய முடியும். அமெரிக்காவில், இரண்டு வகை எஃகைச் சேர்த்தடித்து வரிகள் தோன்றச் செய்யும் டமாஸ்கஸ் வேலைக்கு மீண்டும் உயிர் வந்ததே, கத்திக் கொல்லர் பில் மோரன் 1973இல் கத்திக் கைவினைஞர் சங்கம் என்ற வேறோர் அமைப்பின் கண்காட்சியில் அத்தகைய அலகுகளைக் காட்டிய பிறகுதான். அதற்கு முந்தைய ஆண்டைக் குறிப்பிடும் அமெரிக்கக் கைவினை டமாஸ்கஸ் கத்தியை இரு முறை யோசித்தே வாங்க வேண்டும்.

அலகின் வரிகள் மேற்பரப்பில் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு வகை எஃகை மடித்து மடித்து அடித்துப் பற்றவைத்ததில், வரி ஒரு பக்கத்திலிருந்து முதுகின் மீது ஏறி மறுபக்கம் இறங்கும். அமிலத்தாலோ லேசராலோ வரைந்ததில் முதுகு வெறுமையாக இருக்கும்.

தந்தத்தைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கமானது: வேண்டாம். இந்திய யானைத் தந்த வணிகம் 1986 முதலும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991 முதலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. மிளா என்னும் சாம்பர் மானின் கொம்புக்கும் வனவிலங்குச் சட்டம் பொருந்தும். கத்திப் பிடிக்கு உலகமெங்கும் விரும்பி வாங்கப்பட்ட கொம்பு நம் மிளாவினுடையதுதான் என்பதால், வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும் பழைய கத்திகளில் அது அடிக்கடி காணப்படும், கவனம் தேவை. விற்பவர், 'இது யானையன்று, மாமதம் (அழிந்துபோன பழங்கால யானையினம்)' என்று சொல்லக்கூடும். குறுக்குவெட்டில் தெரியும் பின்னல் கோடுகள் வெளிவிளிம்பருகே 115 பாகைக்கு மேல் விரிந்து சந்தித்தால் யானை, 90 பாகைக்குக் கீழ்க் குறுகிச் சந்தித்தால் மாமதம் என்பது நிபுணர்கள் கொள்ளும் அளவு. ஆனால் கத்திப் பிடியில் குறுக்குவெட்டு, முனையில் ஒரு சிறு பட்டையளவுக்கே தெரியும். அதை வைத்துச் சுங்க அதிகாரியிடம் வாதாட முடியாது.

கேள்வி: தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் 'ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு' என்று எழுதிய பேனாக்கத்தி கிடைத்தது. அது ராட்ஜர்ஸ் என்பவர் தம் கையால் செய்ததா? (வாசகி, லோதி காலனி)

பதில்: இல்லை. ராட்ஜர்ஸ் என்பது ஒரு பெரிய நிறுவனம். அதன் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த முத்திரை இருக்கும். பெயர் மட்டும் இருந்து அந்த முத்திரை இல்லாவிட்டால், அந்தப் பெயரின் புகழைப் பயன்படுத்திக்கொண்ட வேறு யாரேனும் செய்ததா என்று ஐயுற வேண்டும். 'இங்கிலாந்து' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது, ஏனெனில் அவ்வாண்டு முதல் அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது. அரசர் அல்லது அரசியின் பெயர் எழுத்துகள் கிரீடத்தோடு இருந்தால் காலத்தை இன்னும் நெருங்கலாம்.

ஷெஃபீல்டில் அந்நாளில் நிறுவனங்களுக்காகக் கத்தி செய்தவர்கள், சிறு பட்டறைகளில் இருந்த தனித்தனிக் கைவினைஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. 2021இல் மறைந்த ஸ்டான் ஷாவைப் போல, ஒரு மடக்குக் கத்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்து தம் பெயரால் அறியப்பட்டவர்கள் மிகச் சிலரே. உங்கள் தாத்தாவின் கத்திக்குச் சந்தையில் பெரிய விலை இராது. ஆனால் அவருடைய பணிப்பதிவேடோ பழைய ஒளிப்படமோ இருந்தால் அதோடு சேர்த்தே வையுங்கள். பிடி செல்லுலாய்டாக இருந்தால் மட்டும் மூடிய பெட்டியில் வைக்காதீர்கள், அது நாளடைவில் சிதைந்து வெளியிடும் அமில ஆவி அலகைத் துருப்பிடிக்க வைக்கும்.

கேள்வி: ராம்பூர் வழியாக வந்தபோது பித்தளைப் பிடி போட்ட ராம்பூரிக் கத்தி ஒன்றை வாங்க நினைத்தேன், மனைவி தடுத்துவிட்டார். கைவினைப் பொருள்தானே, வாங்கியிருக்கலாம் அல்லவா? (வாசகர், லக்ஷ்மி நகர்)

பதில்: உங்கள் மனைவி சரியாகத்தான் செய்தார். ராம்பூரி ஓர் உண்மையான கைவினை மரபு. அந்த நகரம் 2023இல் ஒரு சந்திப்பில் 20 அடி நீளக் கத்திச் சிலையே வைத்துப் பெருமை கொண்டாடியது. ஆனால் டெல்லியில் 1980 அக்டோபர் 29ஆம் நாளின் அறிவிக்கை ஒன்று, ஸ்பிரிங்காலும் பொத்தானாலும் பற்சக்கரத்தாலும் இயங்கும் கத்திகளில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ளவற்றை ஆயுதச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. பாரம்பரிய ராம்பூரி பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளுக்கு நாடு முழுவதற்குமான ஆயுத விதிகள் தனியே இருக்கின்றன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. 'இது சேகரிப்புப் பொருள்' என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏறுவது அறிவுடைமை ஆகாது. வெளிநாட்டிலிருந்து கைவினைக் கத்தி தருவிப்பவர்களும், கோட்லா மார்க்கில் உள்ள வெளிநாட்டு அஞ்சலகத்தில் பொட்டலம் திறக்கப்படும் என்பதை நினைவில் கொண்டு, அலகின் அளவையும் லாக்கின் வகையையும் சொல்லும் விலைச்சீட்டை உள்ளே வைக்கச் சொல்வது நல்லது.

கேள்வி: என்னிடம் உள்ள கத்தியின் ஒளிப்படங்களை, அதைச் செய்த கைவினைஞருக்கே அனுப்பிக் கேட்க எண்ணுகிறேன். அனுப்புமுன் துருவை நீக்கி மெருகேற்றலாமா? (வாசகர், துவாரகா)

பதில்: கையே வைக்க வேண்டாம். மெருகேற்றும்போது முத்திரையின் ஓரமும், சாணைக்கோடுகளும், பழைய துருவின் எல்லையும் அழிந்துவிடும். அசலா என்று சொல்வதற்கு அவையே ஆதாரம். ஈரத்துணியால்கூடத் துடைக்காமல், தூசியை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, துரு பரவாமலிருக்க மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு கொடுங்கள்.

ஒளிப்படத்தை ஃபிளாஷ் இல்லாமல், பகலில் சன்னலருகே வைத்து எடுங்கள். மூடிய நிலை, பாதி திறந்த நிலை, முழுதும் திறந்த நிலை ஆகிய மூன்றிலும் முதுகுப்புறம் தெரிய வேண்டும். முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால்தான் அதன் ஆழம் தெரியும். அலகின் நீளம், தடிப்பு, மூடிய நீளம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். உறுப்புகளைத் திருகு கழற்றிப் பிரித்துக் காட்ட வேண்டாம். கைவினைஞர்களில் சிலர் தாம் செய்த கத்திகளின் குறிப்பேட்டை வைத்திருப்பதால், வரிசை எண் ஏதேனும் இருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். 'இது அசல்தானே?' என்று தொடங்காமல், 'இதைச் செய்தவர் நீங்களா, ஆமென்றால் எந்த ஆண்டு?' என்று கேளுங்கள். அவர் எழுதும் விடையை அச்சிட்டு, நீங்கள் வாங்கிய ரசீதோடு சேர்த்துக் கத்தி இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். அவர் காலமாகிவிட்டவரானால், அவருடைய பட்டறையை ஏற்று நடத்துபவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ எழுதலாம். பலர் பொறுமையாகவே பதில் அளிக்கிறார்கள்.